கோட்டுப் போட்ட விருந்தாளி

போன மாதம் வத்தளைப் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனோம். பஸ் ஏறினால் கொழும்பு கைக்கெட்டும் தூரம்தான், ஆனாலும் அந்த ஒழுங்கைக்குள் ஒரு சத்தம் இல்லை. வீட்டுக்கார அம்மா தண்ணீர் வரும் நேரம், குப்பை வைக்கும் இடம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாகக் குரலைத் தாழ்த்தினார். குறை நினைக்க வேண்டாம், வெளியாட்கள் வந்து தங்குவது மட்டும் தனக்குச் சரிவராது என்றார். என் கணவரின் முகம் சுருங்கிப்போனது. எனக்கோ அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. குசினியைக்கூடப் பார்க்காமல் சரி என்றுவிட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் இவர் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நாளைக்கு ஊரிலிருந்து யாராவது வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றார். எனக்குப் பதில் சொல்ல அலுப்பாக இருந்தது. சொல்வதென்றால் பதுளையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டிலிருந்து தொடங்க வேண்டும், பஸ்ஸில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய கதையா அது?

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்த எங்களுக்குத் தொண்ணூறுகளில் பதுளைதான் பெரிய பட்டணம். மழை பெய்தால் பஸ் வராத ரோடு எங்களுடையது. அக்காவுக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க ஆள் இல்லை. கணக்குப் போனால் மேல்படிப்புப் போச்சு, அப்புறம் விடிந்ததும் பெரட்டுக்களத்தில் போய் நின்று பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலையேற வேண்டியதுதான். அம்மா பதின்மூன்று பதினான்கு வயதிலிருந்து அதைத்தான் செய்தாள். “இந்தக் கூடை எம் முதுகோட போகட்டும். எம்புள்ள முதுகுல ஏறக் கூடாது” என்று அப்பாவிடம் சண்டை பிடித்துத்தான் எங்களைப் பதுளைக்குக் கொண்டுவந்தாள். அப்பாவுக்குப் பஜாரில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை கிடைத்தது.

வீடு, பெரியாஸ்பத்திரிக்கு மேலே ஏறும் அமைதியான ஒழுங்கையில் இருந்தது. அங்கே மனிதர்கள் இருமினால்கூட வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்கள். முன்பக்கம் வீட்டுக்கார ஐயா, பின்பக்கம் இரண்டு அறையும் குசினியுமாக நாங்கள். ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். முன் விறாந்தையில் சாய்வு நாற்காலியைப் போட்டு, தடித்த கண்ணாடியோடு பேப்பரை மூக்கில் முட்டுகிற மாதிரிப் பிடித்துப் படித்துக்கொண்டிருப்பார். கேட் ஒன்றுதான். உள்ளே வருகிற யாரும் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

வீடு பார்க்கும்போது யாரும் யோசிக்காத விஷயம் அந்தப் பெரியாஸ்பத்திரி. குடிவந்த கொஞ்ச நாளிலேயே பெரியப்பாவை வாட்டில் சேர்த்தார்கள். பெரியம்மாவும் பிள்ளைகளும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். அதில் யாருக்கு என்ன குறை? அடுத்ததாகப் பெரியப்பாவைப் பார்க்க வந்தவர்கள் தங்கினார்கள். பிறகு பெரியப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரின் வீட்டார். ‘பதுளையில நம்ம வீடு இருக்கு’ என்கிற சேதி லயம் லயமாகப் பரவிவிட்டது. கிளினிக்குக்கு வந்தவர்கள், அடையாள அட்டை விஷயமாகக் கச்சேரிக்கு வந்தவர்கள், கையில் கட்டுப் போட்டவர்கள், கட்டுப் போட்டவருக்குத் துணைக்கு வந்தவர்கள் என்று பாய் விரிக்க இடமில்லாமல் போனது. வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. முட்டைக்கோவாவும் பலாக்காயும் கொண்டுவந்தார்கள். அதையும் அம்மாதானே வெட்ட வேண்டும்!

எனக்கு அது தினமும் திருவிழா. அப்பாவுக்கும் அப்படித்தான். கடையிலிருந்து வந்ததும் “வாங்க, வாங்க, நம்ம சனத்துக்கு இல்லாத வீடா” என்று வாய் நிறையச் சொல்வார். அதோடு அவருடைய விருந்தோம்பல் முடிந்துவிடும். மீதியெல்லாம் அம்மா. இருட்டோடு எழும்பி ரொட்டி சுட்டு, வாட்டுக்குக் கேரியர் கட்டி, நோயாளிகளின் துணி துவைத்து, மத்தியானச் சோறு, பின்னேரத் தேத்தண்ணி. மலையில் கொழுந்தெடுத்தபோதாவது ஞாயிற்றுக்கிழமை இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குசினிச் சுவரில் சாய்ந்து நிற்பாள், யாராவது வந்தால் சட்டென்று நிமிர்ந்து சிரிப்பாள். அக்காவுக்குப் படிக்க இடமே இல்லை. குளியலறைக்குள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து கணக்குச் செய்வாள். பாதிக் கணக்கில் யாராவது கதவைத் தட்டுவார்கள்.

முடியாது என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. சொன்னால் ‘டவுனுக்குப் போனதும் தலைக்கேறிப்போச்சு’ என்று தோட்டம் முழுக்கப் பேசும். பேச்சுக்குப் பயந்து மட்டுமில்லை. நான் பிறந்த நேரம் அம்மாவுக்குத் தண்ணீர் தூக்கியதும் கஞ்சி காய்ச்சியதும் இதே சனம்தான். அதை அம்மாவே அடிக்கடி சொல்வாள். வேறு யாருக்கும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் என்று இப்போது நினைக்கிறேன்.

ஐயாவுக்குக் கறி கொடுக்க அம்மா அவர் குசினி ஜன்னலுக்குப் போவது வழக்கம். போனால் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடுவாள். ஒருநாள் மட்டும் போனவள் வரவேயில்லை. எட்டிப் பார்த்தால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவான குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கறியில் உப்புக் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்து நான் விளையாடப் போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், ஐயா கைத்தடியோடு பின்வாசலில் வந்து நின்றார். அதுவரை அவர் சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதேயில்லை.

“இது என்ன, வீடோ மடமோ?” என்று கதவு நிலையில் தடியால் அடித்தார். “நாடு சண்டையில கிடக்கிற கிடையில பொலிஸ் வந்து ஆர் ஆர் இருக்கினமெண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது? இனிமேல் வெளியாள் ஒரு நேரத்தில ஒராள்தான். அதுவும் பொழுதுபட முந்திப் போயிட வேணும். இல்லாட்டி வீட்டை விடுங்கோ!”

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது எல்லாருக்கும். அம்மா தலையைக் குனிந்துகொண்டு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அழுகிறாள் என்று நினைத்து எனக்கு ஐயாவின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. சனம் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. அம்மாவை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நீ என்னாத்தா செய்வ, பாவம். அந்தக் கெழவன் மனுசனா?” என்று அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். ஐயாவின் பெயர் மடுல்சீமை வரைக்கும் நாறியது.

அதற்குப் பின் வந்த நாட்களில் வீடு எனக்கு வெறிச்சென்று இருந்தது. அக்கா மேசை நிறையப் புத்தகத்தைப் பரப்பிவைத்துப் படித்தாள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அம்மா பட்டப்பகலில் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததேயில்லை. பயந்துபோய் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. சீ, என்ன சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைக்க வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. தோட்டத்தில் எந்தச் சிக்கலுக்கும் குறுக்குவழி அவரிடம் இருக்கும். இந்த முறை எந்தக் காலத்திலோ ஒரு துரை கழித்துப்போட்ட கறுப்புக் கோட்டு ஒன்றையும் கம்பளிக் குல்லாவையும் கொண்டுவந்திருந்தார். “ஒரு ஆளுதானே வரலாம்? ஒரு ஆளுதான் வரப்போறான்” என்றார்.

திட்டம் இதுதான். ஒழுங்கை முனையில் மதகுக்குப் பக்கத்தில் எல்லாரும் காத்திருப்பார்கள். ஒருவர் கோட்டையும் குல்லாவையும் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி வருவார். உள்ளே வந்ததும் கழற்றித் தருவார். நான் அதைக் கடைப் பையில் திணித்துக்கொண்டு கடைக்குப் போகிற மாதிரி மதகுக்கு ஓடுவேன். அடுத்தவர் மாட்டிக்கொண்டு வருவார். ஐயாவின் மங்கல் கண்ணுக்கு வருவது ஒரே ஆள்தான்.

“வந்தவன் போகாமயே திரும்பத் திரும்ப எப்புடிடா வருவான்?” என்று அப்பா கேட்டார்.

“போறத யாரு மச்சான் கணக்குப் பாக்குறா? வர்றதத்தான் பாப்பாங்க” என்றார் மாமா. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், அன்றைக்கு அவள் சிரித்ததாக ஞாபகமில்லை.

மடுல்சீமைக் குளிருக்குத் தைத்த கோட்டு அது. பதுளை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து ஒவ்வொருவராக வந்தார்கள். தடித்த ஒருவர் பொத்தான் பூட்டாமல் வந்தார். பின்னாலேயே கோட்டுக் கைக்குள் தன் கை காணாமல் போன ஒல்லிக்குச்சி ஒருவர் வந்தார். ஒருமுறை சின்னம்மாவே கோட்டுக்குக் கீழே சேலை தெரிய வந்துவிட்டாள். வீடு பழையபடி நிறைந்தது. அக்கா பழையபடி வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இவ்வளவு பெரிய மனிதர்களின் காரியம் என் கடைப் பைக்குள் அல்லவா இருந்தது!

ஒருநாள் அம்மா முன்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது ஐயா பேப்பரைத் தாழ்த்தினார். “பிள்ளை, உந்தக் கோட்டுக்காரத் தம்பிக்குப் பதுளை ஒத்துக்கொள்ளுதில்லைப் போல. காலமை குண்டாயிருந்தார், மத்தியானம் மெலிஞ்சிட்டார். இப்ப சீலையும் உடுத்திருக்கிறார்” என்றார். போச்சு, வீடு போச்சு என்று நினைத்தேன். அம்மா வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயா மெல்லத் தலையை ஆட்டினார்.

மறுநாள் கைத்தடிச் சத்தம் கேட்டது. ஐயா முன்னைவிடக் கோபமாகத்தான் வந்தார். “நான் சொன்னது என்ன, இஞ்ச நடக்கிறது என்ன?” என்று ஆரம்பித்தும்விட்டார். கதவோரத்தில் ஓர் இளம் பெண் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய குழந்தை வாட்டில் கிடந்தது. இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடாதவளை அம்மா அப்போதுதான் கெஞ்சிக் கெஞ்சி உட்காரவைத்திருந்தாள். அவள் பதறிப்போய்ச் சோற்றுக் கையோடு எழும்பி நின்றாள்.

ஐயா அவளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். தூக்கிய தடி மெல்லக் கீழே இறங்கியது. “இரு பிள்ளை. இருந்து சாப்பிடு” என்றார். போகும்போது அம்மாவின் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிளாஸ்க் நிறையப் பால் கொடுத்தனுப்பினார்.

அவ்வளவுதான். ‘ஐயா தங்கமான மனுசனாம்’ என்று தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அதன்பின் கோட்டுக்கு வேலை இல்லை. கேட்டைத் திறந்து ஐயாவுக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு எல்லாரும் வந்தார்கள். மாமா தான் வென்றுவிட்டதாகச் சொன்னார், அப்பாவும் அதை ஒப்புக்கொண்டார். அன்று எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அம்மா குசினிக்குள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு நின்றாள். புகை என்று நினைத்தேன்.

அக்கா பரீட்சை எழுதினாள். மற்றதெல்லாம் பாஸ், கணக்கு மட்டும் போய்விட்டது. மறுபடி எழுதச் சொல்லி அம்மா கெஞ்சினாள். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். லயத்துப் பெண் ஒருத்தியோடு கட்டுநாயக்காவில் கார்மெண்ட் தொழிற்சாலை வேலைக்குப் போவதாக முடிவாயிற்று. படிப்பில்லாத பிறகு பட்டணத்தில் வாடகை எதற்கு என்று அப்பா வீட்டை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கே திரும்ப முடிவெடுத்தார்.

சாமான் ஏற்ற மாமா லொறியோடு வந்தார். விடியற்குளிருக்கு அந்தக் கோட்டையே மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் ஏற்றி முடிந்ததும் அம்மா சாவியைக் கொடுக்க முன் விறாந்தைக்குப் போனாள், நானும் பின்னால் போனேன்.

ஐயா சாவியை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “நீ கேட்டபடி நானும் சத்தம் போட்டுத்தான் பாத்தன் பிள்ளை” என்றார். “இன்னும் கொஞ்சம் போட்டிருக்க வேணும். எனக்கு அதுக்குத் தைரியம் காணாமப் போச்சு.”

“அப்புடிச் சொல்லாதீங்கய்யா” என்றாள் அம்மா. “எனக்காகச் சத்தம் போட்டது நீங்க ஒருத்தருதாங்க.” சொன்னவள் சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டாள். அப்புறம் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதாள். லொறியிலிருந்து அப்பா ஹோன் அடிக்கச் சொன்னது கேட்டது.

லொறி ஒழுங்கையை விட்டு இறங்கும்போது மாமா சிரித்துக்கொண்டே, கிழவனை நல்லா ஏமாத்தினோமில்ல என்று என் தலையில் குல்லாவைக் கவிழ்த்தார். நானும் சிரித்தேன். அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்மைத் துரத்தப் பார்த்த மனிதருக்காக அம்மா ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வீட்டுக்குப் போனதும் அழுகை நின்றுவிடும், அங்கே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.