கோடைப் பள்ளியில் ஒரு வயிற்றெரிச்சல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதம். மைசூரில் எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய ஒரு கல்லூரியில், மேற்படிப்பு மாணவர்களுக்காக நியூரல் நெட்வொர்க் கோடைகாலப் பள்ளி நடத்தினார்கள். இரண்டு வார வகுப்பு. கடைசி நாளில் ஒவ்வொருவரும் தாங்கள் உருவாக்கிய மாடலை, அதாவது டேட்டாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டர் புரோகிராமைப் பற்றிப் பேச வேண்டும். வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர், எங்களில் ஒருவரைத் தன் ஆய்வகத்தில் ஆறு மாதம் வேலை செய்யக் கூப்பிட்டுக்கொள்வார் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

அப்போது என் பிஎச்.டி. நகராமல் நின்றிருந்தது. கைடு என்னைப் பார்த்தாலே பேச்சை மாற்றுவார். அந்த இடம் கிடைத்தால்தான் எனக்கு விடிவு.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் எல்லையோர ஊரான ஹனூரிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண். விவசாயக் குடும்பம். எம்.டெக். படிக்கிறாள், என்னைவிடச் சின்னவள் என்பதால் வாய்க்கு வாய் "அக்கா". எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. நான் திரும்பத் திரும்பப் படித்தும் பிடிபடாததை அவள் நகத்தைக் கடித்துக்கொண்டே போட்டு முடிப்பாள். தப்பு வந்தால் சிரிப்பாள். எனக்குத் தப்பு வந்தால் அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். பேராசிரியர் வந்த வேகத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். நான் அவருக்குக் கடைசிவரை ஜன்னலோரப் பெண்தான்.

வீட்டில் போய்ப் புலம்பினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாவம் ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிடுகிற பெண் என்று மறுநாள் பிசிபேளேபாத்தை இரண்டு டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். நேரில் பார்க்காமலேயே என் அம்மாவையும் வளைத்துப் போட்டுவிட்டாளே என்று எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. டப்பாவைக் கொடுத்தேன். ஸ்பூனைக் கொடுக்கவில்லை.

எல்லோருக்கும் ஒரே டேட்டாதான். சில டிரைவர்கள் வண்டி ஓட்டும்போது எடுத்த மூளை அலைப் பதிவுகள். ஆள் விழிப்பாக இருக்கிறாரா, தூக்கம் சொக்குகிறதா என்று மாடல் கண்டுபிடிக்க வேண்டும். கடைசி நாளுக்கு முந்தின நாள் காலை, என் மாடல் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. வகுப்பில் யாருடையதும் பக்கத்தில்கூட வரவில்லை. பேராசிரியர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, நாளைக்கு இதைப் பற்றி விவரமாகப் பேசலாம் என்றார். நான் ஓரக்கண்ணால் ஹனூர்ப் பெண்ணைப் பார்த்தேன். அவள் முகம் சுண்டிப் போயிருந்தது. எனக்கு அது பாயசம் சாப்பிட்ட மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன்.

மதியம் தட்டு கழுவும் இடத்தில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாப் பதிவையும் துண்டு போட்டுக் கலக்கிட்டு, அப்பறமாத்தான் ரெண்டாப் பிரிச்சிருக்கீங்களாட்ட இருக்குதுங்க. ஒரே டிரைவரோட துண்டு ரெண்டு பக்கமும் வந்துருக்கும்ங்க."

அதாவது, மாடல் பழகிய ஆட்களை வைத்தே அதற்குப் பரீட்சையும் வைத்திருக்கிறேன். அது தூக்கத்தைக் கண்டுபிடிக்கவில்லை, தெரிந்த ஆளை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறது. அவள் சொன்ன நிமிஷமே அது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"உனக்கு வயித்தெரிச்சல், அதை நேரா சொல்லேன். உன் கெலசத்தைப் பாரு." கோபத்தில் வேலை என்பதுகூடக் கன்னடமாகத்தான் வந்தது.

அவள் குழாயை மூடினாள்.

"எரியத்தாங்க்கா எரியுது. காத்தால இருந்து சோறு எறங்கலைங்க. அந்த எடம் எனக்கும் வேணுமுங்க. ஆனா அதுக்காவ இதைச் சொல்லாம இருக்க முடியுங்களா?"

தட்டை அடுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் வரை உட்கார்ந்து, சில டிரைவர்களை மாடல் கண்ணிலேயே காட்டாமல் ஒதுக்கி வைத்து மறுபடி ஓட்டினேன். கெட்டிக்கார மாடல் பூவா தலையா போடுகிற நிலைமைக்கு வந்துவிட்டது. அழுகை வந்தது. பஸ்ஸில் ஹெப்பாள் தொழிற்பேட்டையிலிருந்து வீடு திரும்பும் கம்பெனிக்காரர்கள் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு முடிவுகளையும் காட்டி, முதலாவது ஏன் தப்பு என்று பேசினேன். பேராசிரியர் எல்லோரிடமும் முதலில் கேட்டதே, ஆட்களை எப்படிப் பிரித்தீர்கள் என்றுதான். முந்தின நாள் முடிவோடு மேடை ஏறியிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் மானம் போயிருக்கும். அவள் பேசாமல் இருந்திருந்தாலே போதும், அது தானாக நடந்திருக்கும்.

இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. நானும் கை தட்டினேன், மனதாரத் தட்டினேன் என்று சொல்ல மாட்டேன். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

பொறாமைப்படாதவர்கள்தான் நல்லவர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். வயிறு எரிய எரிய எனக்கு நல்லது செய்துவிட்டுப் போனாள் அவள். அந்த ஆறு மாத இடம் கைநழுவியதை நான் எப்போதோ மறந்துவிட்டேன், ஆனால் அப்படி ஒரு மனசு அவளுக்கு வாய்த்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாகத்தான் இருக்கிறது.