விரலில் வெளியே வந்த பாட்டு

போன மாதம் ஒரகடம் கூட்டுரோடு பக்கத்தில் ஒரு காபி ஷாப்பில் சண்டை. அதில் நானும் இருந்தேன்.

‘இந்த வயசில் உனக்கு இதெல்லாம் தேவையா?’ என்று வீட்டில் கேட்டார்கள். இந்த வயசில் சண்டை போடாமல் வேறு எப்போது போடுவதாம்?

முதலில் ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வாரத்தில் மூன்று நாள் தண்டலத்தில் ஒரு கல்லூரிக்குப் பாடம் எடுக்கப் போகிறவள் நான். அந்தப் பஸ் பயணத்தைப் பற்றி எழுதி எழுதியே உங்களில் பாதிப் பேரை அலுக்க வைத்திருக்கிறேன்... திரும்பும் வழியில் அந்த ஏசி காபி ஷாப்பில் அரை மணி நேரம் உட்காருவது வழக்கம். அங்கே மூலை மேஜையில் லேப்டாப், குட்டி கீபோர்டு, ஹெட்போன் சகிதம் ஒரு பெண் இருப்பாள். மேஜை மேல் ஒரு அட்டை — ‘உங்கள் பாட்டு செய்து தரப்படும்’.

அவள்தான் ஸ்டெல்லா. சேரப்பணஞ்சேரிக்காரி. செல்போன் கம்பெனி ஒன்றில் நாலு வருஷம் அசெம்ப்ளி லைனில் நின்றவள். லைனை மூடி அனுப்பியதும், ‘தையல் மெஷின் வாங்கித் தரட்டுமா?’ என்று அப்பா கேட்டிருக்கிறார். ‘லேப்டாப் வாங்கிக் குடு’ என்றிருக்கிறாள். சர்ச் கொயரில் பத்து வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிற கை. அந்தக் கைக்கு ஊசியும் நூலும் எதற்கு?

“பாட்டு செஞ்சு விக்கிறியா? யாரும்மா வாங்குவாங்க?” — முதல் நாள் நான் கேட்ட கேள்வி. கொஞ்சம் இளக்காரமாகத்தான் கேட்டேன், மறைப்பானேன்?

“உங்களுக்கு தினம் காதுல வுழுற சத்தம் ஏதாச்சும் ஒண்ணு, மேஜை மேல தட்டிக் காட்டுங்க மேடம்.”

டஸ்டரைக் கரும்பலகையில் தட்டுகிற சத்தத்தைத் தட்டினேன். மறுநாள் அதில் ஒரு புல்லாங்குழலைச் சேர்த்து என் போனில் ஏற்றிவிட்டாள். இருபது வருஷமாக நான் எரிச்சலோடு தட்டிய தட்டு, அன்றைக்குத்தான் எனக்கே பிடித்தது.

அவளுடைய வாடிக்கையாளர்கள் முக்கால்வாசி கம்பெனிப் பையன்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, சிவகங்கை என்று எங்கிருந்தோ வந்து, ரூம் எடுத்துத் தங்கி, மூணு ஷிப்ட் பார்ப்பவர்கள். எட்டு மணி நேரம் மெஷின் சத்தம் கேட்டு வருகிறவனுக்கு அமைதியான மெலடிதானே வேண்டும்? ஸ்டெல்லாவும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தாளாம். மழை, குயில், அருவி என்று போட்டுக் கொடுத்தாளாம். ‘அக்கா, இதுல என் மெஷினே இல்லையே’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்!

ஆனால் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்ய வழி கிடையாது. கேமரா போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால், பையன்கள் சத்தத்தை விரலில் வெளியே கொண்டு வருவார்கள். ஸ்பூனால் மேஜையைத் தட்டுவார்கள், வாயால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று விடுவார்கள். அவள் கண்ணை மூடிக் கேட்டு, கீபோர்டில் கட்டுவாள்.

பாண்டி அப்படி வந்தவன்தான். நாசரேத் பக்கம். பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர், அதாவது தகடு அடிக்கிற பெரிய மெஷினில் வேலை. புதுசாகக் கல்யாணம் ஆனவன், மனைவி ஊரில்.

“என்ன வேலை பாக்கீயன்னு அவ போன்ல கேட்டுக்கிட்டே இருக்காக்கா. எப்படிச் சொல்ல? இந்தச் சத்தத்த அனுப்புனாத் தெரிஞ்சிக்கிடுவால்லா” என்று ஸ்டெல்லாவிடம் சொன்னான்.

பாட்டு தயாரானதும், லீவு நாளாகப் பார்த்து வாங்க வந்தான். பக்கத்து மேஜையில் நான். கவுன்டரில் இருந்தவர் ஆசையாக, ‘ஸ்பீக்கர்ல போடும்மா, கேப்போம்’ என்றார். போட்டாள்.

டங்... ஸ்ஸ்ஸ்... டக். டங்... ஸ்ஸ்ஸ்... டக். அதன் மேலே ஒரு நாதஸ்வரம் மெதுவாக ஏறியது. எனக்குச் சிலிர்த்தது. பாண்டியின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அப்போதுதான் ஜன்னலோரம் இருந்து ஒருவர் எழுந்தார். கழுத்தில் ஐடி கார்டு, பளபள ஷூ. பாண்டி வேலை பார்க்கும் அதே கம்பெனியின் அதிகாரி. பாண்டிக்கு அவரைத் தெரியும். அவருக்குப் பாண்டியைத் தெரியாது.

“இது எங்க பிரஸ் ஷாப் சத்தம். டெய்லி என் கேபின்ல கேக்குது. எவன் உள்ள போன் எடுத்துட்டுப் போய் ரெக்கார்ட் பண்ணான்? பேர் சொல்லு.”

பாண்டியின் சிரிப்பு போய்விட்டது. போன் உள்ளே கொண்டு போனான் என்று வந்தால் அன்றைக்கே வேலை காலி. கான்ட்ராக்ட் பையன், கேட்பதற்கு ஆள் இல்லை.

ஸ்டெல்லா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“ரெக்கார்டுலாம் ஒண்ணும் இல்ல சார். நான் வாசிச்சது.”

“யாருகிட்ட கதை விடற? ஒழுங்கா பேரைச் சொல்லு. இல்ல, நாளையிலேர்ந்து இங்க கடை போட முடியாது.”

“இன்னா சார், திருடுன மாதிரி பேசிகினு கீறீங்க? இத பாருங்க...” லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். “இந்த டங்கு, கீபோர்டு. இந்த டக்கு, எங்க வூட்டு எவர்சில்வர் டம்ளர். ஸ்ஸ்ஸ்னு வருதே, அது என் வாய். கஸ்டமர் தட்டிக் காட்டுனாரு, நான் கட்டுனேன். பேரு மட்டும் கேக்காதீங்க. கஸ்டமர் பேர நான் யாருக்கும் சொல்றதில்ல.”

அவர் நம்பவில்லை. “இவ்ளோ கரெக்டா எவனாலயும் சொல்ல முடியாது” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! “ஏன் சார் முடியாது? தினமும் கேக்கறவருக்கு முடியும். நீங்களும்தான் தினமும் கேக்கறீங்க, எங்கே, தட்டிக் காட்டுங்க!” என்றேன். என் ஸ்பூனையும் நீட்டினேன்.

அவர் ஸ்பூனைத் தொடவில்லை. யாரும் எதிர்பார்க்காத ஆள் வந்து அதை வாங்கினான்.

“நான் தட்டுதேன் சார்.”

ஸ்டெல்லா வேண்டாம் என்று தலையாட்டினாள். பாண்டி பார்க்கவில்லை. நின்றபடியே மேஜையில் தட்டினான். டங்... ஸ்ஸ்ஸ்... டக். நாலு முறை, ஐந்து முறை. எனக்கே அப்போதுதான் உறைத்தது. ‘டக்’ வருவதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம். பாட்டிலும் அது இருந்தது. அழகுக்காக ஸ்டெல்லா சேர்த்தது என்று நினைத்திருந்தேன்.

அதிகாரியும் கவனித்துவிட்டார். “நடுவுல ஏன் நிறுத்தற?”

“நான் நிறுத்தல சார். மெஷின் நிறுத்துது. அடிச்சிட்டு மேல ஏறும்போது ஒரு கணம் நின்னுட்டுதான் ஏறுது. ரெண்டு மாசமா ஷிப்ட் ரிப்போர்ட்ல எழுதுதேன். ஒருத்தரும் வந்து பாக்கல. ஒரு நா ஏறாம கீழ விழுந்தா? எங்க கை அதுக்குள்ளதான் சார் போகுது.”

 

யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதமாக அதே சத்தம் அந்தக் கேபினுக்குள்ளும்தான் போயிருக்கிறது. பேப்பரில் எழுதினான், படிக்கவில்லை. மெஷினே சொன்னது, காதில் ஏறவில்லை. காபி ஷாப் ஸ்பீக்கரில் நாதஸ்வரத்தோடு போட்டால்தான் ஐயாவுக்குக் கேட்கிறது! அதிலும் முதலில் கேட்டது என்ன? ‘எங்க சத்தத்தை எவன் எடுத்தான்’ என்பதுதான். கம்பெனி அவருடையது, சரி. தினமும் அந்த மெஷினுக்குள் போய்வருகிற கை யாருடையது?

இதை நான் மனசுக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

 அவர் குரல் இறங்கி, ஸ்டெல்லாவிடம் கேட்டார். “அந்த ஃபைல் எனக்கு வேணும். மெயின்டனன்ஸ் ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டணும்.”

“பாட்டு அவரோடது சார். அவர்கிட்ட கேளுங்க.”

கேட்டார். பெயரையும் கேட்டார். இந்த முறை மிரட்டலாக இல்லை. பாண்டி பாட்டைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, அங்கிருந்து ப்ளூடூத்தில் அனுப்பினான்.

போன வாரம் பாண்டியை மறுபடி பார்த்தேன். வேலை போகவில்லை. கையும் பத்திரம். மெஷினை நிறுத்தி, தேய்ந்த பாகத்தை மாற்றிவிட்டார்களாம். இப்போது தயக்கம் இல்லாமல் ஏறுகிறதாம்.

“அதுக்கும் ஒரு பாட்டு கட்டிருங்கக்கா, நிறுத்தம் இல்லாம. வீட்ல அவ கேக்கா.”

ஸ்டெல்லா கட்டிக் கொடுத்தாள். இரண்டு பாட்டையும் வைத்துக்கொள்ள அவன் மெமரி கார்டில் இடம் இல்லை.

“பழச அழிச்சிடவா?” என்று கேட்டாள்.

“வேண்டாம்க்கா, வேற எதையாது அழிங்க, அது கெடக்கட்டும். மெஷின் மறுபடியும் தேயும்லா!”