சாட்சிக் கூண்டில் நான் சொல்லாத வரி

கடவுள் இல்லையென்றால் பிறகு உன்னை எது தடுக்கும் என்று என்னிடம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கலியாணப் பந்தியில் கேட்கிறார்கள். செத்த வீட்டு முற்றத்தில் கேட்கிறார்கள். களவெடுக்கவும் கழுத்தறுக்கவும் நான் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பதுபோலவும், குறுக்கே ஒரு கடவுளை நிறுத்தினால் ஊர் பிழைத்துக்கொள்ளும் என்பதுபோலவும், குரலைத் தாழ்த்தி, அனுதாபத்தோடு கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை முதன்முதலில் என்னிடம் கேட்டது ஒரு நீதிமன்றம். அப்போது எனக்கு ஒன்பது வயது. பதில் அன்றைக்கே சொல்லியாயிற்று. அதை மாற்ற எனக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை.

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவியின் நகரப் பக்கத்துக் கரையில் இருந்தது. எதிர்க்கரையில் வவுணதீவு. மாசி மாதமானால் அந்தக் கரை முழுவதும் விளைந்து பழுத்து, வாவிக்கு யாரோ மஞ்சள் பூசிவிட்டதுபோல் இருக்கும். அப்பா அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்ப்பவர். தீர்த்தத் திருவிழா நோட்டீசுக்கும் மாதா திருநாள் நோட்டீசுக்கும் ஒரே பெட்டியிலிருந்து எழுத்தெடுப்பார். இரண்டையும் நம்பாமல் வீட்டுக்கு வந்து கை கழுவுவார். அம்மா இரண்டையும் நம்பினாள். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குத் தேங்காய், செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி. "அவருக்கும் சேர்த்துத்தான் நான் கும்பிடுறன்" என்பாள், அப்பாவின் காதில் விழும்படி.

நான் இருவர் பக்கமும் சாயவில்லை. சோதித்துப் பார்த்தேன். ஏழு வயதில், பிள்ளையாருக்குப் படைக்குமுன்பே ஒரு மோதகத்தை எடுத்துத் தின்றுவிட்டு, பூனை தின்றது என்று ஐயரிடம் சொன்னேன். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்றுதானே எல்லாரும் சொன்னார்கள்? எந்தக் கண் என்று யாரும் சொல்லாததால் இரண்டையும் மாறிமாறிப் பொத்திக்கொண்டு பொழுது சாயும்வரை காத்திருந்தேன். சாமி குத்தவில்லை. ஆனால் ஐயர் எறிந்த கல்லில் பூனையின் பின்னங்கால் முறிந்துபோயிற்று. மூன்று காலால் அது மடப்பள்ளிச் சுவரில் ஏறப் பார்ப்பதையும் விழுவதையும், மறுபடி ஏறப் பார்ப்பதையும் நல்ல இரண்டு கண்களாலும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வயதில், ஒரு மாசியில் எனக்குக் கூகைக்கட்டு. கன்னம் பலாப்பிஞ்சுபோல் வீங்கி, பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் கிடந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில். அம்மா அந்தோனியாரிடம் போயிருந்தாள். வேலியோரம் வந்து நின்றார் புடவைக் காக்கா. காத்தான்குடியில் நெய்த சாரங்களையும் சேலைகளையும் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்து, ஊர் ஊராக விற்றுத் திரிபவர்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் காக்கா என்போம். அன்றைக்கு மூட்டையெல்லாம் சேறு. முழங்காலுக்குக் கீழே இரத்தம்.

"உம்மா இல்லையா மகள்? கொஞ்சம் தண்ணி தாங்க."

தண்ணீர் கொடுத்தேன். பூவரச நிழலில் இருந்து காலைக் கழுவிக்கொண்டே, நடந்ததைக் கதைபோலச் சொன்னார். எதிர்க்கரை வயல்களுக்குச் சொந்தக்காரரான ஒரு பெரிய போடியாரின் வட்டைக்குள், அவசரத்தில், செருப்புக் காலோடு நெல் சூடடிக்கிற களத்தை மிதித்துவிட்டாராம். களம் கோயில் மாதிரி. செருப்போடு யாரும் மிதிப்பதில்லை. போடியாரின் காவற்காரர்கள் மூட்டையைச் சேற்றில் எறிந்து, தடியால் காலில் போட்டிருக்கிறார்கள். "பிழை என்டதான், மகள். எண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், தடியெடுக்காம" என்றார்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கரையில் புகை எழுந்தது. முதலில் நூலாக. பிறகு கயிறாக. பிறகு வானத்துக்கும் வயலுக்கும் நடுவே ஒரு கறுத்த மரமாக. வெட்டிய கதிரைக் கட்டுக்கட்டாக அடுக்கிய குவியலை எங்கள் பக்கம் சூடு என்போம். போடியாரின் சூடு எரிந்துகொண்டிருந்தது. காக்கா எழுந்து, காயக் காலோடு வாவிக்குள் முழங்காலளவு இறங்கி நின்றார்.

"அல்லாவே! சோறு எரியுது மகள். சோறு எரியுது."

அடித்தவர்களின் நெல்லுக்காக ஒரு மனிதர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் பொலிஸ் அவரைப் பிடித்தது. அடி வாங்கிய கோபத்தில் சூட்டுக்குக் கொள்ளி வைத்துவிட்டு ஓடினதைக் கண்டோம் என்று காவற்காரர்கள் சொன்னார்கள். அவரைக் கரை சேர்த்த தோணிக்காரன் போடியாரின் நிலத்தில் குடியிருப்பவன். அவனுக்கு அன்றைக்கு யார் யார் ஏறினார்கள் என்பது மறந்துபோயிற்று. காக்காவுக்கு மிஞ்சியது ஒரேயொரு சாட்சி. அதற்குக் கன்னம் வீங்கியிருந்தது.

காக்காவுக்காகப் பேச வந்த பிறக்கிராசியார், கறுப்புக் கோட்டும் வியர்வையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். சின்னப் பிள்ளை சாட்சி சொல்வதானால் நீதவான் முதலில் ஒரு கேள்வி கேட்பார் என்றார். அதற்குச் சரியான பதில் வராவிட்டால், பிள்ளைக்கு விளக்கம் போதாது என்று கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்.

"எங்க பாப்பம். பொய் சொன்னா என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது" என்றேன்.

பிறக்கிராசியாருக்குத் தேத்தண்ணீர் புரைக்கேறியது. அம்மாவின் தம்பி, என் மாமா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி கிளி, சாமி கண்ணைக் குத்தும் எண்டு சொல்லு."

"குத்தல்லயே மாமா. நான் பாத்த நான்."

"எங்க போய்ப் பாத்த நீ?" என்று அம்மா பாய்ந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "இதெல்லாம் உங்கட படிப்பு."

"இந்தக் கதையைக் கோட்டில சொன்னா முடிஞ்சுது" என்றார் பிறக்கிராசியார். "காக்கா மறியல் வீட்டுக்குத்தான். அஞ்சு பிள்ளைகள் அவனுக்கு."

அப்பா என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அவர் மை படிந்த நகங்களைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னார்: "அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிட்டு வா மகள். மிச்சமெல்லாம் உண்மைதானே?"

"உண்மை சொல்றதுக்கு முதல் ஒரு பொய் சொல்லணுமா?"

அப்பா நகத்து மையைச் சுரண்டத் தொடங்கினார். மாமாவிடம் பதில் இருந்தது. "ஓமடி. கோட்டு வாசற்படி அப்பிடித்தான். குனிஞ்சு போ, உள்ளுக்குப் போய் நிமிந்து நில்."

மூன்று நாள் அந்த வரியைப் பாடமாக்கினார்கள். குளிக்கும்போது கேட்டார்கள், தலை சீவும்போது கேட்டார்கள். பொய் சொன்னால் கடவுள் தண்டிப்பார். பொய் சொன்னால் கடவுள் தண்டிப்பார். கும்பிடுகிறவளும் கும்பிடாதவரும் ஒரு வீட்டில் முதல் தடவையாக ஒன்றுபட்டிருந்தார்கள், என்னைப் பொய் சொல்ல வைப்பதற்காக.

நீதிமன்றத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. நீதவான் கொழும்பிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் முதலியார் நின்றார். மொழிபெயர்க்கும் உத்தியோகத்தருக்கு அங்கே அதுதான் பெயர். நரைத்த மீசை, கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு. அந்தோனியார் கோயிலில் முன்வாங்கில் முழந்தாளிடுபவர். செவ்வாய்க்கிழமைகளில் அம்மாவுக்கு மெழுகுதிரி கொளுத்த நெருப்புக் கொடுப்பவர் என்பதால் எனக்கும் முகம் தெரியும். கூண்டின் விளிம்புக்கு மேலே என் கண்கள் மட்டுமே தெரிந்தன. ஒரு பெட்டியைப் போட்டு என்னை அதில் ஏற்றினார்கள்.

நீதவான் ஏதோ கேட்டார். முதலியார் என் பக்கம் திரும்பினார்.

"பொய் சொன்னா என்ன நடக்கும் எண்டு கேக்கிறார்."

காக்கா எதிரிக் கூண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. வாங்கில் அம்மா கண்களை மூடியிருந்தாள். அப்பா நிலத்தைப் பார்த்தார். பாடமாக்கிய வரி நாக்கில் தயாராக இருந்தது, யாரோ மென்று என் வாயில் வைத்த சோறுபோல. அதை விழுங்கினேன்.

"ஒண்டும் நடக்காது" என்றேன்.

முதலியார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு நீதவானிடம் ஆங்கிலத்தில் சொன்னார். என் இரண்டு சொல்லுக்கு அது மிகவும் நீளமாக இருந்தது. அதன் நடுவில், மிஷன் பள்ளிக்கூடத்தில் காலைதோறும் நாங்கள் பாடும் பாட்டில் வருகிற சொல், கடவுளுக்கு ஆங்கிலத்தில் உள்ள அந்தச் சின்னச் சொல், கேட்டது. எனக்குத் தெரிந்த இருபது ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று.

நீதவான் தலையசைத்தார். பேனா காகிதத்தில் ஓடத் தொடங்கியது. பிறக்கிராசியாரின் தோள்கள் இறங்கின. எல்லாம் சரியாகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உலகம் அதைவிடச் சுலபமான வேலை கொடுத்ததில்லை.

"நான் அப்பிடிச் சொல்லல்ல!" என்று கத்தினேன். "கடவுள் எண்டு நான் சொல்லவேயில்ல!"

பின்வாங்கில் சிரிப்பு வெடித்தது. பொலிஸ் தரப்பில் வழக்கு நடத்திய இன்ஸ்பெக்டர் துள்ளியெழுந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நீதவான் பேனாவை வைத்தார். முதலியாரைப் பார்த்தார். இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் கத்திபோல் இருந்தன. முதலியார் இரண்டுக்கும் தலை குனிந்து, ஒவ்வொரு சொல்லில் பதில் சொன்னார். கஞ்சி போட்ட கழுத்துப்பட்டி நனைந்துகொண்டு வந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"ஒண்டும் நடக்காதெண்டா, நீ ஏன் பொய் சொல்லாம இருக்கணும் எண்டு கேக்கிறார்."

இதென்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு பெரிய மேசை, இவ்வளவு புத்தகம், இது தெரியாதா?

"எனக்குத்தான் ஒண்டும் நடக்காது. காக்காவுக்கு நடக்குமே."

முதலியார் நனைந்த கழுத்துப்பட்டியை நேராக்கிக்கொண்டு நீதவான் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். இந்த முறை அது என் வாக்கியத்தின் அளவே இருந்தது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நீதவான் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார், முன்பு எழுதியதை ஒரு கோடிழுத்து வெட்டினார், புதிதாக எழுதினார். எழுதி முடிக்க நெடுநேரம் எடுத்தது.

"நடந்ததைச் சொல்லு மகள்" என்றார் முதலியார்.

சொன்னேன். தண்ணீர், இரத்தம், பூவரச மரம், நூலாகி மரமான புகை, வாவிக்குள் இறங்கி நின்று அழுதது. மத்தியானம் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று இன்ஸ்பெக்டர் மடக்கினார். காக்காவின் நிழல் காக்காவின் காலுக்குள் கிடந்தது என்றேன். அடுத்த தவணையில் காக்காவை விடுதலை செய்தார்கள். ஒரு சிவப்புக் கரைச் சேலையோடு வீட்டுக்கு வந்து, அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"அந்தோனியார்தான் உன்ட நாக்கில வந்து நிண்டவர்" என்றாள் அம்மா. சாகும்வரை அதைத்தான் சொன்னாள். ஊரும் அப்படித்தான் சொன்னது. காத்தான்குடியில் அல்லாஹ் பேச வைத்த பிள்ளை என்றார்கள். மூன்று நாள் பாடமாக்கியும் நாக்கில் ஏற மறுத்த கடவுளுக்கு எல்லாப் பெருமையும் போயிற்று. இல்லை. அங்கே நின்றது நான். பெட்டியின் மேல், வீங்கிய கன்னத்தோடு, நான்தான் நின்றேன். அந்த வாக்கியம் என்னுடையது. அதை எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அந்த நாளில் இன்னொருவரும் இருந்தார். அந்த மாதக் கடைசியில் முதலியாரை வேறு ஊருக்கு, கீழான ஒரு வேலைக்கு மாற்றினார்கள். உத்தியோகம் ஏற்ற நாளில் அவர் வேதப் புத்தகத்தில் கை வைத்து, உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்திருந்தார் என்பதும், அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு சொல்லையும், நரகத்தின் நெருப்பு உட்பட, அவர் முழுதாக நம்பினார் என்பதும், நான் வளர்ந்து, கேட்டுக் கேட்டு அறிந்தவை. எனக்கு இழக்க ஒன்றும் இருக்கவில்லை. அவருக்கு நித்தியம் இருந்தது.

நான் சாட்சி சொன்ன அன்று மாலை, நீதிமன்றம் கலைந்தபின், அம்மாவும் அப்பாவும் பிறக்கிராசியாரோடு பேசிக்கொண்டிருந்த நேரம், வெளி விறாந்தையில் அவர் தனியாக நின்றார். நான் அவர்முன் போய் நின்றேன். பொய் சொன்ன பெரிய மனிதரை அருகில் நின்று பார்க்க வேண்டும் என்ற திமிர்தான். அவர் என் உயரத்துக்குக் குனிந்தார்.

"உனக்குப் பயமே இல்லையா மகள்?"

"இல்ல."

"எனக்கு இருக்கு" என்றார். கைலேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

அவர் யாருக்குப் பயப்படுகிறார் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வென்றவளின் தாராளத்தோடு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க" என்றேன். "நீதவான்ட கார் அப்பவே போயிட்டுது."