சொம்பேந்திய சனிக்கிழமை

எங்கள் கல்யாணம் 1978 ஆவணியில் நடந்தது. நான் தென் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். ஓசூருக்குக் குடிவந்த அடுத்த மாதமே என் கணவர் பிச்சைக்குப் புறப்படுவதைப் பார்த்தேன்.

அப்போது அவர் ஒரு தொழிற்சாலையில் லேத்தில் உலோகம் கடையும் டர்னராக இருந்தார். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை விடிந்ததும் அவர் குளித்து, ஈர வேட்டியோடு நாமம் இட்டுக்கொண்டார். பித்தளைச் சொம்புக்கும் நாமம் இட்டு, அதன் கழுத்தில் துளசியைச் சுற்றினார். என் கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்துப் பின்னால் வரச் சொன்னார். எனக்கு அது மானம் போகிற காரியமாகப் பட்டது.

"ஏங்க, நம்ம வீட்லதான் அரிசி இருக்கே?"

"இருக்கறதாலதான் போறது. இல்லாதவன் தெனமும் போறான்" என்றார்.

அவருடைய சொந்த ஊர் சூளகிரிக்கு அருகில். திருப்பதிப் பெருமாளைக் குலதெய்வமாகக் கொண்ட பல குடும்பங்களுக்கு அந்தப் பக்கத்தில் இந்த வழக்கம் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று வீட்டில் எது பேசினாலும் சொம்பு ஒன்றுதான். அவர்கள் வீட்டு முறைப்படி, சம்பாதிக்கிறவர்தான் போகவேண்டும். வேறொருவரை அனுப்பக்கூடாது. சொம்போடு வாசல்படி இறங்கியது முதல் திரும்பி வந்து பொங்கல் வைத்துப் படைக்கும் வரை 'கோவிந்தா' தவிர வேறு சொல் அவர் வாயில் வரக்கூடாது. ஒரு வரிசைக்குள் நுழைந்துவிட்டால் எந்த வாசலையும் தாண்டிப் போகக்கூடாது. கிடைத்த அரிசியோடு வீட்டு அரிசியைச் சேர்க்கக்கூடாது.

மத்திகிரியில் இதில் சிரமம் எதுவும் இருக்கவில்லை. எங்கள் சொம்பில் அரிசி போட்ட வீட்டுக்காரரே சற்று நேரம் கழித்துத் தன் சொம்போடு எங்கள் வாசலில் நிற்பார். இரண்டு மூன்று வருடங்களில் எனக்கும் அது பழகிவிட்டது.

பிறகு எங்களுக்கு நல்ல காலம் வந்தது. வேலையை விட்டு அவர் ஒரு லேத் பட்டறை வைத்தார். பெரிய தொழிற்சாலைகள் சிறு பாகங்களை வெளியே கொடுத்து வாங்கத் தொடங்கியிருந்த நேரம் அது. ஒரு லேத் நான்கானது. கார் வாங்கினோம். 1986 தை மாதம், அதிகாரிகள் குடியிருக்கும் புதிய மனைப்பிரிவில் கட்டிய வீட்டுக்குக் குடிபோனோம்.

வீடு கட்டிக்கொண்டிருந்த வருடத்துப் புரட்டாசியில், சொம்பெடுக்க நேரமில்லை என்று சொல்லி, கோயிலுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொன்னார்கள். மறு வருடம் இரண்டு மூட்டை. அவர் பக்தி குறைந்தவர் அல்ல. பட்டறையில் நாள் தவறாமல் விளக்கேற்றுவார். ஆனால் பேச்சில் ஒரு மாற்றம் இருந்ததை நான் கவனித்தேன். முன்பெல்லாம் 'அவன் குடுத்தான்' என்று முடியும் வாக்கியங்கள் இப்போது 'நான் எடுத்தேன்' என்று முடிந்தன. ஆர்டரை நான் எடுத்தேன், மனையை நான் எடுத்தேன். துன்பத்தில் தெய்வத்தைக் கூப்பிட்டவர்களைப் பற்றி நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். வயிறு நிறைந்திருக்கும்போது கூப்பிட்டவர்களைப் பற்றிப் படித்தது குறைவு. அது எழுதுவதற்குச் சுவையில்லாத விஷயமாக இருக்கலாம்.

இனி சொல்லப்போவது நடந்த ஆண்டு எண்பத்தேழா, எட்டா என்று எனக்கே சந்தேகம் வந்ததுண்டு. புதிய வீட்டில் இரண்டாவது புரட்டாசி என்பதால் எண்பத்தேழுதான்.

அந்தப் புரட்டாசியின் இரண்டாம் சனிக்கிழமை பட்டறையிலிருந்து அவசரமாக ஒரு லோடு போகவேண்டியிருந்தது. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டர்னர் அவரிடம் ஐந்தாறு வருடமாக வேலை செய்தார். கைத்திறன் உள்ளவர், வாய்த்துடுக்கும் உள்ளவர். அவர் சொம்பெடுக்க வேண்டும் என்று சொல்லி அன்று வேலைக்கு வரவில்லை. திங்கட்கிழமை வந்தபோது எல்லோர் முன்னிலையிலும் என் கணவர் சத்தம் போட்டார்.

"லோடு நிக்குது, நீ கோவிந்தா போடப் போயிட்டயா? நானே போறதில்ல, உனக்கு இன்னாத்துக்கு?"

டர்னர் கை துடைக்கும் துணியை லேத்தின்மேல் போட்டுவிட்டுச் சொன்னாராம்: "உங்களுக்குச் சாமி குடுத்து முடிச்சிட்டாரு அண்ணா. எனக்கு இன்னும் குடுக்கல. அதான் போறன்."

"அப்ப சாமிகிட்டயே வேலை கேளு. இங்க வராத."

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் தணிந்திருக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, "குடுத்து முடிச்சிட்டாராம்ல" என்றார். அந்த வாரம் முழுவதும், சம்பந்தமில்லாத பேச்சுகளுக்கு இடையில், அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டறைக்கோ உடம்புக்கோ ஒரு குறையும் வரவில்லை. லோடும் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றாம் சனிக்கிழமை காலையில் பரணிலிருந்து சொம்பை இறக்கிப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார்.

முதலில் எங்கள் தெருவிலேயே ஆரம்பித்தோம். பக்கத்து வீட்டில் மேலாளர் ஒருவரின் மனைவி கதவைத் திறந்தார்.

"அடடே, ரெண்டு பேருமா! வாங்கோ, உள்ள வாங்கோ. காபிக்குச் சர்க்கரை போடலாமோன்னோ?"

"கோவிந்தா" என்றார் இவர்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் உள்ளே போய், தாம்பாளத்தில் ஆப்பிளும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு வந்து எனக்குக் குங்குமம் கொடுத்தார். அடுத்த வீட்டுக்காரர் கும்பிட்டுவிட்டு, "சொல்லியனுப்பினா ஒரு மூட்டையே வீட்டுக்கு வந்திருக்குமே சார்!" என்றார். அதற்கும் அடுத்த வீட்டில் புதிதாகச் சேர்ந்திருந்த கூர்க்கா, வாயிற்கதவுக்குள் நின்றபடி கையசைத்து, போ போ என்று விரட்டினார். அந்தத் தெருவில் என் கணவரை உண்மையாகவே பிச்சைக்காரராக எடுத்துக்கொண்டவர் அந்தக் கூர்க்கா ஒருவர்தான். தெருக்கோடிக்கு வந்தபோது என் பையில் பழங்கள் இருந்தன. சொம்பில் ஒரு மணி அரிசி இல்லை. எங்களுக்கு மரியாதை செய்யாமல் அரிசி போட அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

அவர் சொம்போடு டவுன் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். மத்திகிரியில் எங்கள் பழைய வரிசைக்குப் போய்ச் சேர்ந்தோம். பாதிப் பேர் பழையவர்கள். "பாரு, காரை வித்துப்புட்டாங்களாட்டம் இருக்குது" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே முறத்தில் அரிசி கொண்டுவந்தாள். வீட்டுக்கு வீடு சொம்பு நிறைந்து பைக்கு மாறியது. அவர் முகம் இளகியது.

வரிசையின் கடைசிக்கு முந்தைய வீடு அந்த டர்னருடையது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் தணிந்த குரலில், "போதும்ங்க, அரிசி நிறைய இருக்கு. திரும்பிரலாம்" என்றேன். அவரால் பதில் சொல்ல முடியாது. வாசலைத் தாண்டவும் முடியாது. ஒரு கணம் நின்றார். பிறகு போய் அந்தக் கதவின் முன்னால், "கோவிந்தா" என்றார்.

டர்னர் வெளியே வந்தார். வேலையில்லாததால் வீட்டில் இருந்தார். சொம்பையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மொதலாளிங்களா!" என்றார். எப்போதும் அண்ணா என்றே கூப்பிடுகிறவர். "லோடு போயிருச்சுங்களா?"

"கோவிந்தா."

"அன்னிக்கி அத்தினி பேச்சு பேசினீங்க. இன்னிக்கி ஒரே வார்த்தைதானா?"

"கோவிந்தா."

அக்கம்பக்கத்தில் இரண்டொருவர் சிரித்தார்கள். டர்னரின் மனைவி முறத்தோடு பின்னால் வந்துவிட்டாள். அவர் கையை நீட்டி அவளைத் தடுத்தார். "இரு" என்றார். பிறகு இவரிடம், "இல்லேன்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க மொதலாளி?"

வீட்டுக்காரர் தன் வாயால் இல்லை என்று ஒரு வாசலில் சொல்லிவிட்டால், அந்த வருடத்துச் சொம்பு நிறையவில்லை என்று கணக்கு. பையில் எவ்வளவு இருந்தாலும் பொங்கல் வைக்கக்கூடாது. இது டர்னருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். என் கணவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. கோபம் வரும்போது அப்படி ஆகும். முறையை உடைத்து ஏதாவது பேசிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் சொம்பை இன்னும் சற்றுத் தாழ்த்திப் பிடித்தார்.

"கோவிந்தா." இந்த முறை குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"கோவிந்தா போட்டு வந்தவங்கள நிக்க வெச்சுத்தான் பேசுவியா? உனக்கு அறிவு கீதா?" என்று மனைவி அதட்டினாள்.

டர்னர் முறத்திலிருந்து இரண்டு கையாலும் அள்ளினார். "இது சாமிக்கு. உங்களுக்கில்ல" என்று சொல்லிச் சொம்பில் போட்டார்.

சொம்பு ஏந்துகிறவர் யாரையும் கும்பிடுவதில்லை, போடுகிறவர்கள்தான் கும்பிடுவார்கள். இவர் குனிந்துவிட்டார். சொம்பு சாய்ந்து கொஞ்சம் அரிசி படியில் சிந்தியது. டர்னரின் மனைவி உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பப் போட்டாள். அது முடியும் வரை இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கடைசி வீட்டிலும் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

பொங்கல் சரியாக வரவில்லை. ரேஷன் அரிசியும் பொன்னியும் புழுங்கலும் பச்சையும் ஒரே பானையில் எப்படி ஒன்றாக வேகும்? பாதி குழைந்தும் பாதி நறுக்கென்றும் இருந்தது. படைத்து, தேங்காய் உடைத்துக் கும்பிட்டபின் அவர் பேசத் தொடங்கினார். முதலில் அரிசியைப் பற்றித்தான் பேசினார். நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நான் கேட்டேன்:

"அவரை வேலைக்குக் கூப்பிட்ருக்கலாம்ல?"

"இன்னிக்குக் கூப்பிட்டா அரிசிக்குக் கூலி குடுத்த மாதிரி ஆயிரும். திங்கக்கெழம போய்க் கேக்கறன்."

"வரமாட்டேன்னு சொன்னா?"

"சொல்லட்டும். கேக்கறதுக்கு இன்னா, இன்னிக்குப் பூரா கேட்டன்ல."

திங்கட்கிழமை போனார். டர்னர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. புரட்டாசி முடியட்டும் என்று சொல்லியனுப்பிவிட்டு ஐப்பசியில் வந்து சேர்ந்தார். அதன் பிறகும் இருவரும் ஒத்துப்போனார்கள் என்று சொல்வதற்கில்லை. வாரம் ஒரு சண்டை இருந்தது. பட்டறையில் ஆள் கூடியது, ஆர்டரும் கூடியது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் லேத்துகள் ஓடவில்லை. அதனால் ஒரு பெரிய ஆர்டர் கைவிட்டுப் போனதும் உண்டு. அன்று தொழிற்சாலையிலிருந்து காரணம் கேட்டு வந்த கொள்முதல் அதிகாரியிடம், "சொம்பெடுக்கப் போகணும் சார்" என்று மட்டும் சொன்னார். அந்த அதிகாரிக்கு அது என்னவென்று புரியவில்லை. இவரும் விளக்கவில்லை.