எங்கள் மரத்து இலையை விழுங்காத இயந்திரம்

நுவரெலியாவில் ஒரு சுற்றுலா பங்களாவில் பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளராக இருக்கிறேன். ஐந்து வயது மகள் டயகம தேயிலைத் தோட்டத்தில், எங்கள் வீட்டில், என் அக்காவிடம் வளர்கிறாள். சனிக்கிழமைகளில் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்து கொடுத்த பிறகுதான் நான் வீட்டுக்குப் போகலாம். ஆனால் குளத்தைச் சுற்றி யூகலிப்டஸ் மரங்கள். வலையால் இலை அள்ளி முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விடும்.

தானாகச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றைத் தெரிவுசெய்யும்படி முதலாளி சொன்னார். மோட்டார், வயரின் நீளம், உத்தரவாதம் எல்லாவற்றையும் ஒப்பிட்டேன். உறிஞ்சும் வாயின் அகலத்தை மட்டும் பார்க்கவில்லை. முதல் சனிக்கிழமையே நீண்ட இலைகள் குறுக்கே சிக்கி அது நின்றுவிட்டது.

"என்னா புள்ள, ஒன் மெசினு சோத்துல கருவேப்பிலைய ஒதுக்குற மாதிரில்ல ஒதுக்குது!" என்று தோட்டக்கார அண்ணன் சிரித்தார்.

அன்று பஸ் போய்விட்டது. போனில் மகள், "அம்மா, நான் புதுச் சட்ட போட்டுட்டேன். பஸ் இப்ப எந்த வளைவுல வருது?" என்றாள்.

இயந்திரத்தை மாற்ற கண்டிக் கடைக்குப் போனபோது ஒரு பை நிறைய எங்கள் மரத்து இலையையும் பட்டையையும் கொண்டுபோய், அங்கிருந்த சோதனைத் தொட்டியில் கொட்டி, இயந்திரங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். அகன்ற வாயும் பெரிய கூடையும் உள்ள ஒன்றுதான் அத்தனையையும் அள்ளியது. இப்போது எங்கள் குப்பையைக் கொடுத்துப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை.

சனிக்கிழமை பஸ்ஸை இப்போது தவறவிடுவதில்லை. இடம் கிடைத்தாலும் உட்கார மனம் வருவதில்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசை கண்ணில் படும்வரை வாசலருகிலேயே நிற்கிறேன்.