பம்ப் ரூமில் நாற்றம் நின்ற காலை

எங்கள் பிளாண்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கேட்டுவிடுவார்கள், இந்த நாற்றத்தில் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று. நாற்றம் இருக்கும்வரை பயமில்லை, அது நின்றால்தான் பயம் என்று சொல்வேன். சிரிப்பார்கள். எங்களோடு வேலை செய்கிற செல்வத்துக்கு நடந்ததைச் சொன்ன பிறகு யாரும் சிரித்ததில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். நான் செகண்டரி டூ, அதாவது எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. மிச்சச் சோற்றிலிருந்து கரண்டு

ஃபாக்டரிகள் நிறைந்த துவாஸ் பக்கம் இருக்கிற சின்ன பிளாண்ட் எங்களுடையது. லிட்டில் இந்தியா சாப்பாட்டுக் கடைகளின் மிச்சம் மீதி, வாழை இலை, எலும்பு எல்லாம் லாரியில் வரும். அரைத்துக் கூழாக்கி முதலில் ஒரு தொட்டியில் தேக்குவோம். அங்கிருந்து பம்ப் வழியாக டைஜெஸ்டருக்குப் போகும். டைஜெஸ்டர் என்றால் காற்றுப் புகாத பெரிய வயிறு. உள்ளே இருக்கும் கிருமிகள் தின்று செரித்து வாயு விடும். அந்த வாயுவில் என்ஜின் ஓடிக் கரண்டு வரும்.

ஆரம்பத்தில் பாதி நாள் என்ஜின் ஓடவில்லை. கூழில் முள்கரண்டி வரும், பிளாஸ்டிக் பை வரும், ஒரு தடவை கொலுசு வந்தது. பம்ப் அடைத்துக்கொள்ளும். கடை கடையாகப் போய்த் தனி வாளி வையுங்கள் என்று கெஞ்சினோம். மெல்ல மெல்லத் திருந்தினார்கள். பிளாண்டின் விளக்கு, ஃபேன் எல்லாமே எங்கள் வாயுவில் எரிந்த முதல் நாள், மெயின் ஸ்விட்ச் முன்னால் நின்று கைகூப்பினேன். அன்னம் வீணாகக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். எச்சில் இலையிலிருந்து வெளிச்சம் வந்ததைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்த வாயுவோடு இன்னொன்றும் சேர்ந்து வரும். ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் முதலில் மூக்கைக் கொன்றுவிடும். நாற்றமே தெரியாது. அடுத்தது ஆள். அதனால் ஆளுக்கொரு டிடெக்டர் நெஞ்சில் மாட்டியிருப்போம். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். நடுவில் வட்டமாக ஒரு சல்லடை. அதன் வழியாகத்தான் அது மோந்து பார்க்கும். விஷம் ஏறினால் காது கிழிகிற மாதிரி கத்தும்.

2. ஆயுத பூஜை

அந்த வருஷம் ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. வழக்கம்போல நான்தான் செய்தேன். லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் மாலை, குங்குமம், சந்தனம் வாங்கிவந்து, சந்தனத்தைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்தேன். பம்ப், என்ஜின், ஸ்பேனர், லாரி ஸ்டியரிங் எதையும் விடவில்லை. கடைசியில் ரேக்கில் வரிசையாக இருந்த ஆறு டிடெக்டர்கள். ஏழாவது ஒன்று அளவு சரிபார்க்கக் காலிபரேஷனுக்குப் போயிருந்தது. நம் உயிரைக் காக்கிறதே என்று அவற்றுக்கு மட்டும் கூடுதல் சிரத்தையோடு வைத்தேன். சல்லடை நெற்றி மாதிரி வாகாக நடுவில் இருந்தது. பெருவிரலால் அழுத்திச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

மறுநாள் செல்வம் தன்னுடையதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டினான். செல்வம் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன், நாற்பது வயது, பம்ப் வேலையில் கெட்டிக்காரன். ஊரில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். லேசாகத் துடைத்துக்கொள்ளடா என்றேன். சாமிக்கு வைத்ததை எப்படித் துடைப்பது, தானாக உதிரட்டும் என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவன் பக்தியை நினைத்துச் சந்தோஷம்கூடப் பட்டேன்.

டிடெக்டருக்குக் கேஸ் வைத்துச் சோதிப்பது அப்போது வாரம் ஒரு முறைதான். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

3. திங்கட்கிழமை, ஏழரை மணி

இன்னொன்றும் அந்த வாரம் நடந்தது. புரட்டாசி முடிந்தது. ஒரு மாதமாக லிட்டில் இந்தியா வாளிகளில் சோறும் சாம்பாரும் மோரும்தான் அதிகம் வந்தன. அந்தச் சனி ஞாயிறில் ஆட்டெலும்பு, இறால் ஓடு, முட்டை, மீன் தலை என்று ஒரேயடியாக வந்து இறங்கியது. விரதம் இருந்த வயிற்றில் கல்யாண விருந்தைத் திணித்த மாதிரி. கறியும் முட்டையும் அழுகினால்தான் அந்த விஷம் கூடும். காற்றைவிடக் கனம் என்பதால் அது பள்ளத்தில்தான் தேங்கும். அதை வெளியே தள்ளுகிற பம்ப் ரூம் ஃபேனும் ராத்திரி ட்ரிப் ஆகி நின்றிருந்தது. இதெல்லாம் பிறகு கண்டுபிடித்தது. அன்று காலை எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மைனாக்களைக் காணோம்.

லாரி கொட்டுகிற இடத்தில் தினமும் இருபது முப்பது மைனாக்கள் சண்டை போடும். அன்று ஒன்றுகூட இல்லை. சரி, மழை வரப்போகிறது என்று நினைத்தேன். என் டிடெக்டரை ராத்திரி ஷிப்டுக்காரர் எடுத்து மாட்டியிருந்தார், இன்னும் திருப்பி வைக்கவில்லை. அதனால் காலிபரேஷனிலிருந்து திரும்பி வந்திருந்த ஏழாவதை மாட்டிக்கொண்டு பம்ப் ரூமுக்குப் போனேன்.

பம்ப் ரூம் தரைக்குக் கீழே. பன்னிரண்டு படி. கதவு திறந்திருந்தது. வாசலில் வழக்கமான முட்டை நாற்றம் ஓங்கி அடித்தது. முதல் படியில் கால் வைத்துக் குனிந்து பார்த்தேன். கீழ்ப் படிகளில் கறுப்பாக ஏதோ சிந்திக்கிடந்தது. உற்றுப் பார்த்தால் ஈக்கள். நூற்றுக்கணக்கில் செத்து, திதிக்கு எள் இறைத்த மாதிரி கிடந்தன. ஒரு ரீங்காரம்கூட இல்லை.

இரண்டாவது படியில் நாற்றம் நின்றுவிட்டது.

குறையவில்லை, நின்றுவிட்டது. கோயில் பிரகாரத்தைக் கழுவிவிட்ட காலையில் ஒரு சுத்தம் இருக்குமே, அப்படி. அந்த ஒரு நொடி, ஆண்டவன் சாட்சியாகச் சொல்கிறேன், மனசுக்கு இதமாக இருந்தது. அடுத்த படிக்குக் கால் தானாக இறங்கப் பார்த்தது. அப்போதுதான் என் நெஞ்சில் இருந்தது கத்தியது.

துள்ளி மேலே ஏறி மூச்சை இழுத்துவிட்டுப் பார்த்தால், கீழே பம்ப் பக்கத்தில் செல்வம் நிற்கிறான். கையில் ஸ்பேனர். வேலை செய்யவில்லை, சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் நெஞ்சில் டிடெக்டரின் பச்சை விளக்கு அமைதியாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலே குங்குமம்.

மேலே வாடா என்று கத்தினேன். மெதுவாகத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"ஒண்ணும் இல்லண்ணே. இன்னிக்கு நாத்தமே இல்ல. வாங்க, வந்து பாருங்க."

"செல்வம், கேஸ் இருக்குடா. என்னோடது கத்துது, கேக்கலயா?"

"உங்களுது கெட்டுப்போயிருக்கும். இதுல சாமி பொட்டு இருக்குல்ல, இது கரெக்டா சைபர் காட்டுது." மறுபடியும் சிரித்தான். "கீழ வாங்கண்ணே. நல்லாருக்கு."

அவன் குரல்தான், ஆனால் அவன் பேசுகிற மாதிரி இல்லை. அந்தக் குரல் இன்றைக்கும் சில நாள் காதில் விழும்.

ஓடிப்போய் இழுத்து வா என்று உடம்பு சொன்னது. காப்பாற்றப் போகிறவன்தான் இரண்டாவது பிணம் என்று எங்களுக்குப் படம் போட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாக்கிடாக்கியில் என்ஜினியர் கவிதாவைக் கூப்பிட்டு, ஏர் சிலிண்டரோடு வரச் சொன்னேன். வந்து சேர ஐந்து நிமிஷம் ஆகும். அவனுக்கு அத்தனை நேரம் இல்லை. கேஸ் என்றால் நம்பமாட்டேன் என்கிறான். வேறு எதைச் சொன்னால் வருவான்?

என் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினேன். "செல்வம், ஊர்லேர்ந்து போன். உன் சின்னப் பொண்ணு லைன்ல இருக்கா. அழுவுறா."

பொய். வாழ்க்கையில் நான் வாய்கூசாமல் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

ஸ்பேனரைக் கீழே வைத்தான். கீழே போடவில்லை, பத்திரமாக வைத்தான். ஒவ்வொரு படியாக, தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரி ஏறினான். என் டிடெக்டர் விடாமல் கத்துகிறது, அவனுடையது சத்தமே இல்லை. எனக்கு மூன்று படி கீழே வந்ததும் முழங்கால் மடிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்து, கையை நீட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டேன். அதுகூடச் செய்யக்கூடாததுதான். நீங்கள் செய்யாதீர்கள்.

ஆம்புலன்சில் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு கேட்டான், பாப்பா ஏண்ணே அழுதா என்று. முகமூடியை மறுபடியும் அவன் முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

4. ஆறில் நாலு

பத்து மணிக்குக் கவிதா ஆறு டிடெக்டர்களையும் மேசையில் வரிசையாக வைத்தார். சின்னச் சிலிண்டரிலிருந்து குழாய் வழியாக ஒவ்வொன்றின் மூக்கிலும் சோதனைக் கேஸ் விட்டார். முதலாவது கத்தவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது கத்தியது, அது ஒரு மலாய்க்காரத் தம்பியுடையது, பூஜை அன்றைக்கே கழுவித் துடைத்திருந்தான். நாலாவது இல்லை. ஐந்தாவது கொஞ்சம் யோசித்துக் கத்தியது. ஆறாவது, செல்வத்துடையது. அவ்வளவு விஷத்தையும் மூக்கில் வாங்கிக்கொண்டு பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

கவிதா குண்டூசியால் சல்லடையைக் கிளறினார். காய்ந்து கல்லாகியிருந்த சந்தனம் உதிர்ந்தது.

"இது யாரு வெச்சது அங்கிள்?"

"நான்தாம்மா. எல்லாத்துக்கும் நான்தான் வெச்சேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வியாழனிலிருந்து திங்கள் காலை வரை நாலு பேர் ஊமையை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறோம். என் கையால் நானே அவற்றின் மூக்கை அடைத்துவிட்டு, அவற்றைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறேன். நடந்ததை என் பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பூஜையையே நிறுத்தும்படி மேலிடம் சொன்னது. கவிதாதான் பேசினார். பூஜை நடக்கட்டும், மோந்து பார்க்கிற எதற்கும் பொட்டு வேண்டாம், தினமும் வேலைக்கு இறங்கும் முன் கேஸ் சோதனை என்று முடிவானது. புரட்டாசி எப்போது முடிகிறது என்று இப்போது என்னிடம் கேட்டுத்தான், எந்த வாரம் எவ்வளவு லோடு எடுப்பது என்று கவிதா திட்டம் போடுகிறார்.

5. வீடியோ கால்

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வம் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பம்ப் ரூமில் நின்றபோது சந்தன வாசம் வந்தது என்றான். அந்த நேரத்தில் மூக்கு செத்திருக்கும், எந்த வாசமும் தெரிந்திருக்காது என்று கவிதா பிற்பாடு சொன்னார். எனக்கு அதற்கு விளக்கம் தெரியாது. தேடவும் இல்லை.

அவன் மனைவி வீடியோ காலில் வந்தார். சின்ன மகள் மடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா இரண்டு கையையும் கூப்பினார்.

"நீங்க வெச்ச பொட்டுதாங்கண்ணே அவரக் காப்பாத்துச்சு. அடுத்த வருசமும் நீங்கதான் உங்க கையால வெச்சுவிடணும்."

செல்வம் தலையை ஆட்டினான். சும்மா இருந்திருக்கலாம். அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நல்ல பேர். ஆனால் இவன் திரும்பி வந்து அதே பொட்டை நம்பி அதே படியில் இறங்குவானே.

"இல்லம்மா. அந்தப் பொட்டாலதான் மெஷின் கத்தல. உங்க வீட்டுக்காரர் சாகக் கெடந்தது என்னாலதான். பாப்பா அழுவுறான்னு சொன்னதும் பொய்தான்."

செல்வம் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அந்தப் பக்கம் அந்த அம்மா மகளை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சாமி கோவிச்சுக்கிச்சாண்ணே?"

"சாமி ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான் பாக்கல."

"இனிமே பாப்பீங்களா?"

பார்ப்பேன் என்றேன்.

செல்வம் இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினான். தினமும் காலை அவன் டிடெக்டரை வாங்கி என் கையால் கேஸ் வைக்கிறேன். கத்துவதற்கு மூன்று நான்கு நொடி ஆகும். அந்த நொடிகளில் நாங்கள் இருவரும் அதன் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்போம். அது கத்திய பிறகுதான் அவன் படி இறங்குகிறான், நான் முருகா என்கிறேன்.

உங்களைக் காக்கிற எதையும் கும்பிடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அதைக் கத்தவிட்டுக் கேளுங்கள்.