உத்திரத்தின் நடுவில் நான்

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அக்கா சிவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பாஷையில் சொன்னால், ஒரே பாடத்தில் திரும்பத் திரும்பப் பெயிலாகிக்கொண்டிருந்தாள். பாரம் ஏறினால் உத்திரம் எப்படி வளையும் என்பதுதான் பாடம். நாங்கள் குடியிருந்த மர்பி டவுனில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மைக்கைப் பிடித்துக் கானா பாடுகிறவளுக்கு அந்தச் சூத்திரங்கள் மட்டும் மண்டையில் ஏறவில்லை.

"இன்னொரு தபா பெயிலானா காலேஜ் வேணாம், வேலைக்குப் போ" என்று சொல்லிவிட்டார், ஆபீஸ் வேன் ஓட்டும் அப்பா.

அந்தச் சமயத்தில் கல்லூரிக்குப் புதிதாக வந்த மேடம், புரியாத பாடத்தைப் பாட்டாகவோ நாடகமாகவோ செய்துகாட்டச் சொன்னார்.

அப்பா சிரித்தார். "பாட்டு பாடினா பாஸ் போட்ருவாங்களா?"

"பாட்டு கட்டணும்னா மொதல்ல எனக்குப் புரியணுமில்லப்பா!"

மொட்டைமாடியில் ஸ்பாஞ்சு மெத்தையை வளைத்து வளைத்துப் பார்த்தாள் அக்கா. மேல்பக்கம் நசுங்கிச் சுருங்கியது. அடிப்பக்கம் இழுபட்டு நீண்டது. பாட்டு வந்துவிட்டது. மேல்பக்கமாக நடிக்க அண்ணன், அடிப்பக்கமாக மாமா. நானும் வருவேன் என்று அழுததால் என்னை நடுவில் நிறுத்தினாள்.

கல்லூரி மேடையில் அக்கா பாட, பெஞ்சு மேல் நின்ற அண்ணனை இரண்டு மாணவர்கள் இருபுறமும் நெருக்கினார்கள். கீழே உட்கார்ந்திருந்த மாமாவின் கைகளை வேறு இருவர் ஆளுக்கொரு பக்கமாக இழுத்ததில் சட்டைத் தையல் விட்டுப்போனது. ஒரே சிரிப்பு. என்னை மட்டும் யாரும் தொடவில்லை.

முன்வரிசையில் இருந்த மேடம் திடீரென்று கேட்டார்: "பாப்பா, உனக்கு என்னம்மா ஆச்சு?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. அக்கா பாட்டை நிறுத்திவிட்டாள். எனக்கு மட்டும் வேஷம் இல்லையே என்று எனக்கு ஒரே அவமானம்.

"எனக்கு ஒண்ணுமே ஆவல மிஸ்!"

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் கத்தினார்: "நடுவுல நசுங்கவும் நசுங்காது, இழுபடவும் இழுபடாது! அதான் மச்சா நியூட்ரல் ஆக்ஸிஸ்!" விசிலும் கைதட்டலும் கூரையைப் பிளந்தன. அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

அந்த முறை அக்கா நல்ல மார்க்கோடு பாஸானாள். "பாடியே பாஸ் பண்ணிட்டா எம்பொண்ணு" என்று வேனில் ஏறியவர்களிடமெல்லாம் அப்பா சொல்லித் தீர்த்தார்.

நானோ, வேஷமே கொடுக்காமல் ஒரு குழந்தையை மேடையேற்றிவிட்டார்களே என்று பாவப்பட்டுத்தான் அத்தனை பேரும் கைதட்டினார்கள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.